பினாங்குக் கடலின் நாளைய நிலவரத்தைச் செயற்கைக்கோள் எப்படிச் சொல்கிறது?

பருவக்காற்று தொடங்கிவிட்டால் மலேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கைகள் அடிக்கடி வரும். காற்று இவ்வளவு வேகம், அலை இத்தனை மீட்டர், சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். அதெல்லாம் காற்றையும் கடலின் மேற்பரப்பையும் பற்றிய செய்தி. கடலுக்குள் நடப்பது அதில் வராது. நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது? தண்ணீர் எந்த ஆழம் வரை சூடேறியிருக்கிறது? மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் இன்று எங்கே பெருகியிருக்கின்றன, அடுத்த வாரம் எங்கே இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கும் உலகின் சில நிலையங்கள் நாள்தோறும் பதில் கணித்து வெளியிடுகின்றன. கடல் முன்கணிப்பு என்பது அதுதான்.

பள்ளிப் புத்தகங்களில் கடல் நீரோட்டம் என்றால் அட்லாண்டிக்கில் ஓடும் வளைகுடா நீரோடையைத்தான் படம் போட்டுக் காட்டுவார்கள். அது ஆழமான, அகலமான, நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் கடல். நம் மலாக்கா நீரிணை ஆழமில்லாதது, சேறு கலந்தது, பாதி நாள் மேகம் மூடியது. செயற்கைக்கோளுக்குச் சிரமமான கடல் இது. ஆனால் பினாங்கில் இருப்பவர்களுக்கு இதுதான் கடல். அதனால் இந்தத் துறையை இந்தக் கடலை வைத்தே விளக்கிப் பார்க்கிறேன். எங்கே முறை நன்றாக வேலை செய்கிறது, எங்கே திணறுகிறது என்பதும் அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

மேலிருந்து எதை அளக்கிறார்கள்?

முதலில் உயரம். கடல் மட்டம் எல்லா இடத்திலும் சமம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. 1992 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து டோபெக்ஸ்/போசைடன் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி அது கீழ்நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பியது. துடிப்பு கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தனியாகத் துல்லியமாகத் தெரியும். அதிலிருந்து இந்தத் தூரத்தைக் கழித்தால் கடல் மட்டம் வந்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம், செய்வது அப்படியல்ல. துடிப்பு போய்த் திரும்ப ஏறக்குறைய 9 மில்லிவினாடி ஆகும். கடல் மட்டத்தை 3 சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும் என்றால் அந்த நேரத்தை ஒரு வினாடியின் 500 கோடியில் ஒரு பங்கு வரை சரியாக அளக்க வேண்டும். வழியில் காற்றிலிருக்கும் ஈரம் துடிப்பைத் தாமதப்படுத்தும். மேலே அயனி மண்டலமும் தாமதப்படுத்தும். கீழே அலைகள் துடிப்பைச் சிதறடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டு, ஏராளமான துடிப்புகளைச் சராசரி எடுத்து, 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விரற்கடை அளவு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத விஷயம் இது. 2001, 2008, 2016 ஆண்டுகளில் ஏவப்பட்ட மூன்று ஜேசன் செயற்கைக்கோள்களும், 2020 நவம்பரில் போன சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரைலிக்கும் அதே வேலையைத் தொடர்ந்தன. அதனால் 1992 முதல் அறுபடாத ஒரு பதிவு நம்மிடம் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் மட்டம் தானாகவே தாழ்ந்து கிடக்கும். உலகிலேயே பெரிய பள்ளம் நமக்குப் பழக்கமான பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஓர் இடத்தில் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. ஈர்ப்பே அங்கே அப்படித்தான் என்பதால் தண்ணீர் எங்கும் ஓடாமல் அமைதியாகவே நிற்கும். நீரோட்டத்தை உண்டாக்குவது அதற்கு மேல் காற்றாலும் வெப்பத்தாலும் வரும் சின்ன மேடுபள்ளம். அது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஈர்ப்பால் வரும் பங்கைத் தனியாகத் தெரிந்துகொண்டு கழிக்கத்தான் 2002இல் கிரேஸ், 2009இல் கோசே போன்ற ஈர்ப்பு அளக்கும் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன.

சரி, மேடு தெரிந்தால் நீரோட்டம் எப்படித் தெரியும்? மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கத்தான் பார்க்கும். ஆனால் பூமி சுழல்வதால், நகரும் நீர் வடகோளத்தில் வலப்பக்கம் திருப்பப்படுகிறது. இறங்கும் விசையும் திருப்பும் விசையும் சமமாகிவிட்டால், தண்ணீர் மேட்டிலிருந்து இறங்காமல் மேட்டைச் சுற்றி வலமாக ஓடும். அதனால் ஆழ்கடலில் கடல் மட்ட வரைபடம் ஒன்று இருந்தாலே போதும், நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம். நூறு கிலோமீட்டர் அகலச் சுழல்கள் கடலெங்கும் நகர்ந்துகொண்டிருப்பதை இப்படித்தான் கண்டுகொண்டார்கள்.

இந்தத் திருப்பும் விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும், அங்கே சுழியம். பினாங்கு 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஜப்பான் பக்கம் 35 பாகையில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் இங்கே. போதாததற்கு நீரிணை குறுகலானது. வடக்கு வாயில் சுமார் 250 கிலோமீட்டர் அகலம், தெற்கே போகப்போக 65 கிலோமீட்டர். தெற்குப் பகுதியில் பல இடங்களில் 30 மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆகவே இங்கே சுழல் கணக்கு அவ்வளவாக எடுபடாது. தண்ணீர் ஏறக்குறைய நேராகவே உயரமான முனையிலிருந்து தாழ்ந்த முனைக்கு ஓடும். அடித்தளத்தின் உராய்வு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

எந்த முனை உயரம்? தென்சீனக் கடல் பக்கம். அந்தமான் கடல் பக்கம் தாழ்வு. கிளவுஸ் விர்ட்கி என்ற கடலியலாளர் 1961இலேயே இதை எழுதிவிட்டார். நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதத்தைக் கழித்துப் பார்த்தால், நீரிணையின் நீர் ஆண்டின் பெரும்பகுதி வடமேற்கே, அதாவது சிங்கப்பூர் பக்கத்திலிருந்து பினாங்கைத் தாண்டி அந்தமான் கடலுக்குத்தான் போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் நீரைக் குவிக்கும் மாதங்களில் சரிவு கூடும், ஓட்டமும் கூடும். தென்மேற்குப் பருவத்தில் தளரும். இன்று அந்தச் சரிவைச் செயற்கைக்கோள் நேரடியாக அளந்து தருகிறது. தென்சீனக் கடலை ஒட்டிய கிளந்தான் பக்கத்துக் கடலில் காற்று வலுத்ததற்கும் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் நீரோட்டம் மாறியதற்கும் தொடர்பு உண்டு என்பதை ஒரு வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வடமேற்கு ஓட்டம் தெரியாது. அவர் பார்ப்பது ஓதம், அதாவது நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் பினாங்கில் ஏறக்குறைய 2 மீட்டரும், கிள்ளான் துறைமுகத்தில் 4 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். நிலா எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிவதால், ஓத அட்டவணையை அடுத்த ஆண்டுக்கும் இப்போதே போட்டுவிட முடியும். அந்த வகையில் இது கடல் முன்கணிப்பில் மிகப் பழையதும் மிக நம்பகமானதுமான பகுதி.

அடுத்தது வெப்பம். கடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்து மேற்பரப்பின் சூட்டைச் சொல்லலாம். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் நம் பகுதியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. மேகம் வந்துவிட்டால் அகச்சிவப்பு தோற்றுவிடும். நுண்ணலைக் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் அதன் படம் மிகவும் பருமட்டானது, கரைக்குப் பக்கத்தில் உதவாது. இரண்டையும் கலந்துதான் தினசரி வெப்ப வரைபடம் போடுகிறார்கள். ஒன்றை மறக்கக்கூடாது: அகச்சிவப்பு பார்ப்பது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு தடிப்பமுள்ள மேல்தோலை மட்டும்தான்.

மூன்றாவது நிறம். உயிருள்ள கடலைப் பற்றிச் செயற்கைக்கோள் நமக்குத் தரும் செய்தி பெரும்பாலும் இதன் வழியாகத்தான் வருகிறது. கடலில் மிதக்கும் தாவரப் பிளாங்டன் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதனுள் பச்சையம் இருக்கிறது. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பிளாங்டன் இல்லாத ஆழ்கடல் கருநீலமாகவும், நிறைந்த கடல் பச்சையாகவும் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்து, ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று கணக்கிடுகிறார்கள். 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன கருவியில் இது தொடங்கியது. 2024 பிப்ரவரியில் நாசா அனுப்பிய பேஸ் செயற்கைக்கோள் நிறங்களை மிக நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பதால், எந்த வகைப் பிளாங்டன் என்றும் ஓரளவு சொல்ல முடிகிறது.

இதிலும் சிரமம் உண்டு. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காடு கடலிலிருந்து வருவதே அல்ல, வளிமண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்த மிச்சத்தில்தான் கடலின் நிறம் இருக்கிறது. இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் சூழ்ந்த நாட்களில் அந்த மிச்சத்தையும் நம்ப முடியாது. மூடா ஆறும் பிறாய் ஆறும் கொண்டுவரும் வண்டலும், சதுப்புநில இலைகள் ஊறிய பழுப்பு நீரும் கரையோர நிறத்தை மாற்றிவிடுகின்றன. ஆழ்கடலுக்காக எழுதப்பட்ட சூத்திரம் அந்தச் சேற்றையும் பச்சையம் என்றே எண்ணிக்கொள்ளும்.

கணக்கும் அளவீடும் சந்திக்கும் இடம்

செயற்கைக்கோள் தருவது நேற்றைய, இன்றைய செய்தி. நாளைய செய்தி கணக்கிலிருந்துதான் வரவேண்டும். நீர் எப்படி நகரும், வெப்பமும் உப்பும் எப்படிப் பரவும் என்பதற்கான சமன்பாடுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்தவை. கடலைச் சின்னச்சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து கீழ்வரை அடுக்குகள் வைத்து, சில நிமிட இடைவெளியில் அந்தச் சமன்பாடுகளைக் கணினி தீர்த்துக்கொண்டே போகும். இதைத்தான் கடல் மாதிரி என்கிறார்கள். கோலத்தில் புள்ளிகளை நெருக்கி வைத்தால்தான் நுணுக்கமான வளைவு வரும். இங்கேயும் கட்டம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நுணுக்கமாகக் கடலைக் காட்டலாம். ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணினி வேலை சுமார் எட்டு மடங்காகிவிடும்.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் கடல் சேவை, உலகக் கடல் முழுவதற்கும் பத்து நாள் முன்கணிப்பைத் தினமும் வெளியிடுகிறது. பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து இயங்கும் மெர்க்கேட்டர் ஓஷன் அதை நடத்துகிறது. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் பாகையில் 12இல் ஒரு பங்கு, நம் பக்கம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். இதைப் பினாங்கின் மேல் வைத்துப் பாருங்கள். தீவு முழுவதும் ஆறு கட்டங்களில் அடங்கிவிடும். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஃபெரி கடக்கும் கால்வாய் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஃபெரி கடக்கும் நேரத்தில் நாம் பார்க்கும் அந்த வேகமான ஓத நீரோட்டம், பாலத்தூண்களைச் சுற்றும் சுழிப்பு, ஜெரெஜாக் தீவுக்குப் பின்னால் தேங்கும் நீர் எதுவும் உலக மாதிரிக்குத் தெரியாது. அதற்கு உலக மாதிரியை எல்லையில் வைத்துக்கொண்டு, உள்ளே சில நூறு மீட்டர் கட்டத்தில் தனி உள்ளூர் மாதிரி ஓட்ட வேண்டும்.

மாதிரியை மட்டும் ஓடவிட்டால் அது மெல்ல மெல்ல உண்மைக் கடலை விட்டு விலகிவிடும். காற்றின் முன்கணிப்பில் பிழை இருக்கும், தொடக்க நிலையிலும் பிழை இருக்கும், இரண்டும் சேர்ந்து வளரும். அளவீட்டை மட்டும் நம்பினாலோ மேகம் மூடிய இடமும் ஆழமும் வெற்றிடமாகவே இருக்கும். ஆகவே இரண்டையும் ஒவ்வொன்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்ற விகிதத்தில் கலக்கிறார்கள். தரவு ஒருங்கிணைப்பு என்று இதற்குப் பெயர். இந்தத் துறையின் சாரம் இதுதான் என்பது என் கருத்து, அதனால் எண்களோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தஞ்சோங் பூங்காவுக்கு வெளியே ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் சூடு 29 பாகை என்கிறது மாதிரி. அதன் வழக்கமான பிழை 1 பாகை. செயற்கைக்கோள் 30 பாகை என்கிறது, அதன் பிழை அரை பாகை. யாரை நம்புவது? பிழைகளை வர்க்கமாக்கினால் மாதிரிக்கு 1, செயற்கைக்கோளுக்கு 0.25. இரண்டுக்கும் நடுவே உள்ள 1 பாகை வித்தியாசத்தில், 1 வகுத்தல் 1.25, அதாவது 0.8 பங்கு செயற்கைக்கோள் பக்கம் நகர வேண்டும். விடை 29.8 பாகை. இதில் அழகு என்னவென்றால், இந்த விடையின் பிழை சுமார் 0.45 பாகைதான். மாதிரியின் பிழையைவிடக் குறைவு, செயற்கைக்கோளின் பிழையைவிடவும் குறைவு. குறையுள்ள இரண்டு செய்திகளைச் சரியான எடை போட்டுச் சேர்த்தால் இரண்டையும் விஞ்சிய செய்தி கிடைக்கிறது. ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட முறையின் கரு இது. விண்கலங்களின் பாதையைக் கணிக்கவும் அதே முறைதான் பயன்பட்டது.

உண்மையில் இந்தக் கணக்கு ஒரு கட்டத்தோடு முடியாது. ஓர் இடத்தில் மாதிரி பிழை செய்திருந்தால் பக்கத்துக் கட்டத்திலும் அதே பக்கமாகப் பிழை செய்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு அளவீடு சுற்றியுள்ள கட்டங்களையும் திருத்தும், கீழுள்ள அடுக்குகளையும் திருத்தும். கடல் மட்டம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்தால், கீழே சூடான நீரின் தடிப்பம் கூடியிருக்கலாம், ஏனென்றால் சூடான நீர் விரியும். மேல்தோலை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோளிலிருந்து ஆழத்தைப் பற்றித் துப்புக் கிடைப்பது இப்படித்தான். அந்தத் துப்பைச் சரிபார்க்க உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துபோய், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறும்போது சூட்டையும் உப்பையும் அளந்து, மேலே வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். அந்த மிதவைகள் நம் நீரிணைக்கு வருவதில்லை. இங்கே அவற்றுக்கு ஆழம் போதாது.

செயற்கைக்கோள் தரவு எவ்வளவு வேகமாகக் கைக்கு வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது மலேசிய நேரம் காலை 9 மணிக்குச் சற்று முன். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து டோபெக்ஸ்/போசைடனும் ஜேசன்-1உம் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. ஆழ்கடலில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த சுனாமியை அவை அளந்தும்விட்டன. பினாங்குக் கரையை அலை தொட்டது மதியத்துக்கு மேல். ஆனால் அந்தத் தரவைப் பிரித்துப் பார்க்கவே பல மணி நேரம் ஆகிவிட்டது. சுனாமி எச்சரிக்கைக்கு இன்றும் நிலநடுக்கமானிகளும் கடலடி அழுத்தமானிகளும்தான். நீரோட்ட முன்கணிப்புக்கு அவ்வளவு அவசரம் இல்லை. சென்டினல்-6இன் முதல் தரவு 3 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாதையைத் திருத்திய தரவு 36 மணி நேரத்தில் வரும். மிகத் துல்லியமானது வர 60 நாள் ஆகும். தினசரி முன்கணிப்பு முதல் இரண்டை வைத்து ஓடுகிறது, மூன்றாவது ஆய்வாளர்களுக்கு.

நீரோட்டத்திலிருந்து மீன் வரை

உயிர்ச்சூழலைக் கணிக்க, நீரோட்ட மாதிரியின் மேல் இன்னொரு மாதிரியை ஏற்றுகிறார்கள். மிக எளிய வடிவத்தில் அதில் மூன்று கணக்குகள்தான்: நீரில் கரைந்த சத்து எவ்வளவு, அதைத் தின்று வளரும் தாவரப் பிளாங்டன் எவ்வளவு, அதைத் தின்னும் விலங்குப் பிளாங்டன் எவ்வளவு. வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் முதல் வகை பெருகும், மேய்ச்சல் கூடினால் குறையும், இறந்தவை கீழே மூழ்கி மட்கி மீண்டும் சத்தாகும். நீரோட்ட மாதிரி இவை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும். மெர்க்கேட்டர் பயன்படுத்தும் பிசெஸ் மாதிரி இதைவிட விரிவானது. அதில் தாவரப் பிளாங்டன் இரண்டு வகை, விலங்குப் பிளாங்டன் இரண்டு வகை, இரும்பு, சிலிக்கா, உயிர்வளி என்று மொத்தம் 24 கணக்குகள்.

வெதுவெதுப்பான நம் கடலில் மேல்நீர் சூடாகவும் லேசாகவும் இருப்பதால் கீழேயுள்ள சத்து எளிதில் மேலே வராது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர் கலங்கி, நீரிணையின் வடக்குப் பகுதியில் பச்சையம் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். காற்று கலக்கிய சில நாட்களில் தாவரப் பிளாங்டன் பெருகும். அதைத் தின்னும் விலங்குப் பிளாங்டன் பின்னால் வரும். கெம்போங் போன்ற பிளாங்டன் தின்னி மீன்கள் அதற்கும் பின்னால். சௌராஸ்டா சந்தையில் "காத்து மாறிடுச்சு அண்ணே, இனிமே வரத்து எப்படின்னு பார்க்கணும்" என்று மீன்கடைக்காரர் சொல்லும்போது இந்தச் சங்கிலியின் இரண்டு முனைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறார். நடுவிலுள்ள கண்ணிகளுக்குத்தான் மாதிரி தேவைப்படுகிறது.

இதை நேரடியாக மீனவர்களுக்குக் கொண்டுபோன நல்ல உதாரணம் தமிழ்நாட்டுக் கரையில் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், சூடும் பச்சையமும் சட்டென்று மாறும் விளிம்புகளைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டறிந்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை வட்டார மொழிகளில் அறிவிக்கிறது. தமிழிலும் வருகிறது. இரண்டு வகை நீர் உரசும் விளிம்பில் பிளாங்டன் சேரும், மீனும் சேரும் என்பதுதான் அடிப்படை. படகு எரிபொருளை வீணாக்காமல் நேராக அங்கே போகலாம்.

பவளப்பாறைகளுக்கும் இதே தரவு பயன்படுகிறது. பினாங்கிலிருந்து படகில் போகக்கூடிய பாயார் தீவில் பவளப்பாறை இருக்கிறது. அங்கே வழக்கமாக மிகவும் சூடான மாதத்தின் சராசரியைவிட 1 பாகை கூடுதலான சூடு எத்தனை வாரம் நீடித்தது என்பதை அமெரிக்காவின் நோவா அமைப்பு செயற்கைக்கோளை வைத்துக் கூட்டிக்கொண்டே வரும். அந்தக் கூட்டு 4ஐத் தொட்டால் பவளம் வெளுக்கத் தொடங்கலாம். 8ஐத் தொட்டால் சாகவும் தொடங்கும். 2010இல் பவளம் பெருமளவு வெளுத்தபோது மலேசியா சில தீவுகளில் முக்குளிப்புத் தளங்களைத் தற்காலிகமாக மூடியது.

எண்ணெய்க் கசிவுக்கும் இதுவேதான். 1992 செப்டம்பரில் நீரிணையின் வடக்கு வாயிலில் நாகசாகி ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பல் மோதி ஏறக்குறைய 13,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. இன்று ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் பாதை இது. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் இரவிலும் மேகத்திலும் எண்ணெய்ப் படலத்தைக் கண்டுவிடும். எண்ணெய் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தப் படலம் நாளை எந்தக் கரைக்கு வரும் என்பதை நீரோட்ட முன்கணிப்புச் சொல்லும். ஜெல்லிமீன்கள், கூண்டில் மீன் வளர்ப்பவர்கள் அஞ்சும் நச்சுப் பாசி எல்லாமே நீரோடு மிதந்துபோவதால் இதே கணக்கில் வரும்.

இந்தக் கணக்கைப் பின்னோக்கியும் ஓட்டலாம். எம்எச்370 விமானம் காணாமல்போன சுமார் 16 மாதங்களுக்குப் பிறகு, 2015 ஜூலையில் அதன் இறக்கைப் பாகம் ஒன்று ரியூனியன் தீவில் ஒதுங்கியது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் வேறொரு போயிங் 777இன் அதே பாகத்தை எடுத்து, சேதமான வடிவத்துக்கே வெட்டி, கடலில் மிதக்கவிட்டு, காற்று அதை எப்படித் தள்ளுகிறது என்று அளந்தார்கள். அந்த அளவைச் செயற்கைக்கோள் தந்த நீரோட்டத்தோடு சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டது தேடும் பரப்பைக் குறுக்க உதவியது.

வரைபடத்தைத் திறந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

நாசாவின் வேர்ல்ட்வியூ, கோப்பர்நிக்கஸ் கடல் சேவையின் வரைபடம் இரண்டும் இணையத்தில் இலவசம். பினாங்கைத் தேடி, நீரோட்டம், சூடு, பச்சையம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, படத்தில் இருப்பது அளவீடா, நிரப்பியதா? மேகம் மூடிய நாளின் அசல் பச்சையப் படத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்கும். வெற்றிடமே இல்லாத அழகான படம் என்றால் பல நாள் தரவையும் கணக்கையும் வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் தவறில்லை, தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். அப்புறம், பினாங்குக் கரையை ஒட்டி அடர்சிவப்பாகத் தெரியும் பச்சையத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஆற்று வண்டலும் கலந்திருக்கும். தீவின் மேற்கே சில பத்து கிலோமீட்டர் தள்ளி, நீர் தெளியும் இடத்து எண்களை நம்பலாம். கடல் மட்டத் தரவும் கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டருக்குள் நிலத்தின் எதிரொலி கலந்து கெட்டுவிடும். 2022 டிசம்பரில் போன ஸ்வாட் செயற்கைக்கோள் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக 120 கிலோமீட்டர் அகலப் பட்டையை அளப்பதால் இந்தக் குறை குறைந்துவருகிறது. ஆனால் அது முழுச் சுற்றை முடித்துத் திரும்ப 21 நாள் ஆகும்.

உயிர்ச்சூழல் முன்கணிப்பின் கட்ட அளவையும் பாருங்கள். உலக அளவிலான கோப்பர்நிக்கஸ் உயிர்ச்சூழல் மாதிரிக்குக் கட்டம் கால் பாகை, அதாவது 28 கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். அந்தமான் கடலின் நிலவரத்துக்கு அது போதும். தெலுக் பஹாங்கில் மீன் கூண்டு வைத்திருப்பவருக்குப் போதாது. அவருக்கு வேண்டியது கூண்டுக்குப் பக்கத்தில் உயிர்வளியையும் சூட்டையும் நேரடியாக அளக்கும் கருவி, அதோடு இணைந்த உள்ளூர் மாதிரி. அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் அதே கரையில்தான் இருக்கிறது. அந்த மையத்தின் ஆய்வாளர்கள் படகில் போய் எடுக்கும் நீர் மாதிரிகள்தான், செயற்கைக்கோள் சொல்லும் பச்சையத்தில் எவ்வளவு பாசி, எவ்வளவு சேறு என்று பிரித்துச் சொல்லக்கூடியவை.